விரிசல் பெட்டி ஒன்று வேண்டும்

முட்டுக்காடு கழிமுகப் பாலத்திலிருந்து கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் உலோகம் எங்கெல்லாம் மனித உயிரைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகுகளும் ராட்சத ராட்டினங்களும் இருக்கின்றன. கோவளத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் ஷாஃப்டுகள். நெம்மேலியில் கடல்நீரை உயர் அழுத்தத்தில் தள்ளிக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள். வழிநெடுக விடுதிகள், அவற்றின் லிஃப்டுகள், வெந்நீர்க் கலன்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். எல்லாவற்றின் மீதும் வீசுவது ஒரே உப்புக் காற்று.

துருவைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷத்துக்கொரு முறை கேட்டுக்கு பெயின்ட் அடிக்காதவர் இங்கே வீடு வைத்துக்கொள்ள முடியாது. துருவாவது கண்ணுக்குத் தெரிந்து வருகிறது. என் கவலை எவர்சில்வரைப் பற்றியது. துருப்பிடிக்காது என்று நம்பித்தான் குழாய்க்கும் தொட்டிக்கும் கைப்பிடிக்கும் அதைப் போடுகிறோம். தகட்டை வளைத்தபோதோ வெல்டிங் அடித்தபோதோ உள்ளே தங்கிவிட்ட இழுவிசை, மேலே படிந்த உப்பிலிருக்கும் குளோரைடு, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு. இத்தனையும் கூடினால், மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரிசல் கிளை பிரிந்து ஓடும். எடை குறையாது, தடிமன் குறையாது. இன்னும் வேலைக்கே போகாமல், கடலோரக் கிடங்கில் சும்மா கிடந்த பாகங்களில்கூட வெல்டிங் ஓரத்தில் இப்படி விரிசல் விட்ட அனுபவம் எங்கள் துறைக்கு உண்டு.

பாகத்தை அறுக்காமல், உடைக்காமல் அந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் அழிவில்லாச் சோதனை. பட்டறையில் ‘என்.டி.டி.’ என்றால்தான் தெரியும். சோதனை முடிந்ததும் ‘விரிசல் ஏதும் காணப்படவில்லை’ என்று ஒரு தாள் கைக்கு வரும். அதை வாங்கிக் கோப்பில் வைப்பவர் ‘விரிசல் இல்லை’ என்று வாசித்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அளந்து பார்க்க நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும், அதை இந்த வட்டாரத்திலேயே தொடங்கலாம் என்பதுதான் என் வாதம்.

முதலில், சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளி வைக்கும் முன் கல்லைத் தட்டி ஓசை கேட்பார்கள். ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனதும் அதே அறிவுதான். பழைய லோகோ ஷெட்டுகளில் அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணப்பொடி பூசுவார்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு காட்டும். அதன் வாரிசுதான் இன்றைய டை பெனிட்ரன்ட். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டப்பா. சாயத்தை அடித்து, அது உள்ளே இறங்க 10 நிமிஷமாவது விட்டு, துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் சிவப்பாக எழுந்து வரும். இதைவிட மலிவான, எளிமையான சோதனை கிடையாது. ஏமாற்றுவதிலும் இதற்கு இணை கிடையாது. விரிசலின் வாய் திறந்திருந்தால்தான் சாயம் உள்ளே போகும். பழைய பெயின்ட், காய்ந்த உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, எது அடைத்திருந்தாலும் போகாது. வெல்டிங்கை கிரைண்டர் வைத்து வழவழவென்று தேய்த்துக் கொடுத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தேய்த்த உலோகம் விரிசலின் வாயை இழுத்து மூடியிருக்கும், அவ்வளவுதான்.

காந்தத் துகள் சோதனை காந்தம் ஒட்டும் இரும்புக்கு மட்டும். கடலோர எவர்சில்வரில் பெரும்பகுதிக்கு ஆகாது. இரும்பிலும், காந்தப்புலத்துக்குக் குறுக்கே விழுந்த விரிசல்தான் துகளைப் பிடிக்கும். புலத்தின் போக்கிலேயே ஓடினால் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் காந்தப்புலம் ஏற்றும் யோக்கை ஒருமுறை நேராகவும் மறுமுறை குறுக்காகவும் வைக்கச் சொல்கிறோம். மறுமுறை வைக்கிறார்களா என்பது வேறு விஷயம். ரேடியோகிராஃபியில் கதிரின் போக்கிலேயே நிற்கும் விரிசல் ஃபிலிமில் விழும், கதிருக்குக் குறுக்கே படுத்திருப்பது விழாது. பட்டறைகளில் பெரும்பாலும் இரிடியம்-192. 74 நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். கதிர்வீச்சு என்பதால் ஆளெல்லாம் போன பிறகு கயிறு கட்டி வேலை செய்ய வேண்டும், ஆகவே இது ராத்திரி வேலை. அல்ட்ராசானிக் முறையில் ஒலி இரும்புக்குள் விநாடிக்கு 5,900 மீட்டர் வேகத்தில் ஓடி, தடையில் மோதித் திரும்பும். திரும்பி வருவதைத் திரையில் பார்க்க வேண்டும். ஒலி எந்தச் சாய்வில் போகிறது, விரிசல் எந்தச் சாய்வில் கிடக்கிறது என்பது ஒத்துப்போகாவிட்டால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். மேலே சொன்ன கிளை பிரியும் விரிசலோ ஒலியைச் சிதறடித்துவிடும். வரும் சிக்னல் வெல்டிங்கின் இயல்பான இரைச்சலோடு கலந்து கிடக்கும்.

இப்படி ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டுத் திசை உண்டு. எந்தத் திசையில் எந்த விரிசல் வரும் என்று முன்கூட்டி யோசித்து முறையைத் தேர்ந்தெடுக்கிற மூளைதான் இந்தத் தொழிலின் முதல் கருவி.

அந்த மூளைக்குப் பஞ்சமில்லாத இடம் கல்பாக்கம். 1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த உலையின் அழுத்தக் குழாய் ஒன்று ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. குழாயைத் தாங்கும் வளையச் சுருள்கள் இடம் நகர்ந்திருந்தன. குழாய் தொய்ந்து, தன்னைச் சுற்றியிருந்த குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து, உலோகத்தில் கொப்புளம் கட்டி, அங்கிருந்து விரிசல் விட்டது. கல்பாக்கத்திலிருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் அதே வம்சம். ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள். முதலாவது வணிக உற்பத்திக்கு வந்ததே பிக்கரிங் விபத்துக்குப் பின், 1984இல், இரண்டாவது 1986இல். அப்படியானால் நம் குழாய்களில் சுருள்கள் எங்கே இருக்கின்றன? எந்தக் குழாய் தொய்ந்திருக்கிறது? கொப்புளம் எதில்? கதிர்வீச்சால் ஆள் நெருங்க முடியாத இடம். பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கென்றே ஓர் ஆய்வுக் கருவியை உருவாக்கியது. அது குழாய்க்குள் நுழைந்து, உலோகத்தில் தூண்டிவிடும் சுழல் மின்னோட்டத்தால் சுருளின் இடத்தையும் அல்ட்ராசானிக்கால் சுவரின் நிலையையும் பார்த்துச் சொல்லும். கடைசியில் 2002 தொடங்கி இரண்டு உலைகளிலும் எல்லாக் குழாய்களையுமே மாற்றி, வேறு கலவையில் செய்த குழாய்களைப் போட்டார்கள். அதுவரை ஓட்டலாமா, நிறுத்தலாமா என்ற முடிவுக்கு ஆதாரமாக இருந்தவற்றில் இந்தச் சோதனையும் ஒன்று.

சோதனை என்றாலே ஆபத்தில்லாதது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1999 மார்ச் 26 அன்று அதே நிலையத்தின் இரண்டாம் உலையில், குழாய்களைச் சோதிக்கும் பணியின்போதே ஒரு குழாயின் அடைப்பு நழுவிக் கனநீர் கொட்டியது.

பக்கத்திலிருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே வடிவமைத்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஆக்கிகளில் ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள், ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளம். சுவர் 2.3 மில்லிமீட்டர்தான். குழாய்க்குள் தண்ணீர், வெளியே உருகிய சோடியம். ஊசித் துவாரம் விழுந்தாலும் இரண்டும் கலந்து எரியும். குழாயின் உருக்கோ காந்தம் ஒட்டும் வகை, சாதாரண சுழல் மின்னோட்டம் தோலைத் தாண்டாது. அதனால் புலத்தை அனுப்பும் கம்பிச்சுருளையும் வாங்கும் கம்பிச்சுருளையும் தள்ளித் தள்ளி வைத்து, சுவரை ஊடுருவி வெளியே போய்த் திரும்பி வரும் புலத்தைப் படிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். இந்தத் துறையை அந்த மையத்தில் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர், 2004 முதல் 2011 வரை அதன் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ். உலையோடு நின்றுவிடாமல், சோழர் கால வெண்கலத் திருமேனிகளையும் இதே கருவிகளால் ஆராய்ந்து, ஒவ்வொரு சிலைக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் பதிந்துவைக்கலாம் என்று காட்டியவர் அவர்.  

இனி மதில் சுவருக்கு வெளியே வருவோம். மறைமலைநகர், ஒரகடம், ஆலத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகள். கிரேன் கொக்கி, ஏர் ரிசீவர், மருந்து ஆலைக் கலன், ஃபோர்ஜிங் பாகங்கள். இங்கே ரேடியோகிராஃபிக்குக் கூலி ஃபிலிம் கணக்கு, அல்ட்ராசானிக்குக் கூலி நாள் கணக்கு அல்லது மீட்டர் கணக்கு. சோதிக்க வருபவர் பெரும்பாலும் 25 வயதுக்குள் இருக்கும் டிப்ளமோ பையன். கையில் ‘லெவல் டூ’ சான்றிதழ் வைத்திருப்பான். நம் பட்டறைகளில் மிகவும் செல்லுபடியாகும் அமெரிக்கச் சங்கப் பரிந்துரையின்படி, டை பெனிட்ரன்டில் முதல் நிலைக்கு 4 மணி நேர வகுப்பு, இரண்டாம் நிலைக்கு மேலும் 8 மணி நேரம். அல்ட்ராசானிக் என்றால் நாற்பதும் நாற்பதும். கூடவே சில மாத அனுபவமும் ஒரு தேர்வும். அந்த முறையில் சான்றிதழ் கொடுப்பவர் யார்? வேலைக்கு வைத்திருப்பவரே. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய அழிவில்லாச் சோதனைக் கழகம், ஐ.எஸ். 13805 என்ற இந்தியத் தரத்தின்படி தனியாகத் தேர்வு நடத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் அமெரிக்க முறைச் சான்றிதழைத்தான்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் அவனுக்குக் கொடுக்கும் மாதிரித் துண்டுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை இருக்கும். இருக்கிறது என்று தெரிந்தே தேடுவதால் கண்டுபிடித்தும் விடுகிறான். வேலைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நாளெல்லாம் பார்த்தாலும் எல்லா வெல்டிங்கும் நன்றாகவே இருக்கும். சாரத்தின் மேல், மே மாத வெயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ப்ரோபைத் தேய்த்துக்கொண்டே ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துப் பழகிய கண், என்றோ ஒருநாள் வரும் விரிசலையும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பார்க்கும். கீழே லாரி நிற்கும். சூப்பர்வைசர் இரண்டு முறை மேலே எட்டிப் பார்த்திருப்பார்.

இது நம் ஊர்ச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். 1970களில் அமெரிக்க விமானப்படை, விரிசல் இருக்கும் விமானப் பாகங்களைத் தளம் தளமாகக் கொண்டுபோய்த் தன் சோதனையாளர்களிடமே கொடுத்துப் பார்த்தது. எதிர்பார்த்த தேர்ச்சி கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள், தளத்துக்குத் தளம் வித்தியாசம். அதே காலத்தில் தொடங்கி, அணு உலைக் கலன்களுக்கான தடித்த எஃகுத் தகடுகளில் குறைகளை ஒளித்துவைத்துப் பல நாடுகளின் அல்ட்ராசானிக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தகடு, ஆனால் ஒரு குழு கண்டதை இன்னொரு குழு காணவில்லை. இவையெல்லாம் நல்ல சம்பளம் வாங்கிய, நன்றாகப் படித்த குழுக்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் மேலைநாட்டு அணுமின் துறையில் விதி மாறியது. எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒளித்துவைத்த விரிசலைக் கண்டுபிடித்துக் காட்டு என்றார்கள்.

மற்றத் துறைகள் விலை கொடுத்துக் கற்றன. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து, இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். என்ஜினின் டைட்டானியம் விசிறித் தட்டு விரிசல் வளர்ந்து உடைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்தத் தட்டு ஒளிரும் சாயச் சோதனையில் ‘சரி’ என்று தேறியது. அப்போதே விரிசல் அரை அங்குலத்தை ஒட்டி இருந்திருக்கும் என்று விசாரணைக் குழு கணித்தது. சோதிப்பவரின் மனித வரம்புகளைக் கணக்கில் எடுக்காததே காரணம் என்றும் எழுதியது. ஜெர்மனியின் எஷெடேயில் 1998 ஜூன் 3 அன்று அதிவேக ரயிலின் சக்கர வளையம் களைப்பு விரிசலால் உடைந்து 101 பேர் இறந்தது இன்னொரு வகைப் பாடம். அங்கே பணிமனைக் கருவிகள் இல்லாத குறைகளையெல்லாம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தன. பொய் அலாரம் அதிகமானதும் கருவியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. கண்ணாலும் கைவிளக்காலும் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

நம் ஏற்பாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் லிஃப்டை 6 மாதத்துக்கு ஒருமுறையும், கிரேன், சங்கிலி, கொக்கி முதலியவற்றை 12 மாதத்துக்கு ஒருமுறையும் ‘தகுதியுள்ள நபர்’ பார்க்க வேண்டும் என்றது. இப்போது அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அந்த நபரைத் தேர்ந்தெடுப்பதும் கூலி கொடுப்பதும் பாகத்தின் சொந்தக்காரர்தான் என்ற நடைமுறை மட்டும் மாறவில்லை. அடிக்கடி குறை கண்டுபிடிப்பவருக்கு அடுத்த வருஷம் அழைப்பு வராது. இதற்கு யாரும் லஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை. வியாபாரம் தானாகவே அப்படிச் சரிந்துகொள்ளும்.

நான் கேட்பது பெரிய சட்டம் அல்ல. ஒரு பெட்டி. உண்மையான விரிசலோடு கூடிய துண்டுகளை அதில் வைக்க வேண்டும். மின்பொறியால் வெட்டிய சுத்தமான கீறல் வேண்டாம், அதைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் சுமையால் வளர்த்த களைப்பு விரிசல், கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் எவர்சில்வரைப் போட்டு உண்டாக்கிய கிளை விரிசல், வாய் மூடும்படி கிரைண்டரால் தேய்த்த வெல்டிங். இவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல்பாக்கம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் அழிவில்லா மதிப்பீட்டு மையம் இருக்கிறது, திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. விரிசலே இல்லாத துண்டுகள் அதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் எஷெடேயின் பாடம் வீண். பெட்டி இந்த வட்டாரத்தின் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வரட்டும். சோதனையாளர் தன் சொந்தக் கருவியோடு, தான் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், வழக்கமாகக் கிடைக்கும் நேரத்துக்குள் பார்க்கட்டும். முடிந்தால் சாரத்தின் மேல். விமான நிலையங்களில் பெட்டி பார்க்கும் திரையில் இடையிடையே பொய்யான ஆயுதப் படத்தைச் செருகிக் கண்காணிப்பவரின் விழிப்பைச் சோதிப்பது உலகெங்கும் நடக்கிறது. பயணியின் பைக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் ராட்டினத்தின் அச்சுக்கும் கிடைக்கட்டும்.

செலவு என்பார்கள். துண்டுகளை ஒருமுறை செய்தால் பல ஆண்டுகள் வரும். சாயச் சோதனைக்குப் பயன்பட்டவற்றை மட்டும் நன்றாகக் கழுவிப் பாதுகாக்க வேண்டும், பழைய சாயம் தங்கினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். விடை வெளியே கசிந்துவிடும் என்பார்கள். கசியும். நம் ஊரில் வினாத்தாளே கசிகிறது. அதனால்தான் துண்டுகளை மாற்றி மாற்றி, எண்களை அழித்து எழுதி அனுப்ப வேண்டும். சிறு பட்டறைக்காரருக்குத்தான் இது உண்மையான சங்கடம், சோதனையாளர் தவறினால் தன் வேலை நின்றுபோகுமே என்று பயப்படுவார். ஆகவே முதல் ஆண்டில் முடிவு சோதனையாளருக்கும் அவர் நிறுவனத்துக்கும் மட்டும் போகட்டும். பெயர்கள் இல்லாமல், எந்த முறை எந்த வகை விரிசலில் எத்தனை முறை தவறுகிறது என்ற மொத்தக் கணக்கு மட்டும் வெளிவரட்டும். அந்தக் கணக்கு ஒன்றே போதும், எந்தப் பாகத்துக்கு எந்தச் சோதனையை எழுதுவது என்ற பழக்கம் மாறத் தொடங்கும். கடலோர எவர்சில்வருக்குச் சாயச் சோதனை போதும் என்று இன்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். நாளை அப்படி எழுதக் கை தயங்கும்.

இரண்டாம் ஆண்டில் தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகம் தன் சோதனைச் சான்றிதழ்ப் படிவத்தில் ஒரே ஒரு வரியைக் கூட்டினால் போதும்: சோதித்தவர் பெட்டியைக் கடைசியாகப் பார்த்த தேதி, அதில் இருந்த விரிசல் எத்தனை, கண்டது எத்தனை. அதற்குக் கீழே இப்போது இருப்பதுபோலவே கையெழுத்து.

(கட்டுரையாளர், அழிவில்லாச் சோதனைத் துறையில் பணியாற்றும் உலோகப் பொறியாளர்)